ப்ளூடூத் எடைக் கருவி: தினமும் எடை பார்ப்பவர்களுக்கான ஒரு மதிப்புரை

உடல் எடையைக் குறைக்க முயல்பவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை எடை பார்க்கப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்தான், எந்த எடைக் கருவியை வாங்குவது என்பதையும் முடிவு செய்ய முடியும். மாதம் ஒரு முறை பார்ப்பவருக்கு மருந்துக் கடை வாசலில் இருக்கும் கருவியே போதும். தினமும் பார்ப்பவருக்கு வீட்டில் ஒன்று இருந்தாக வேண்டும்; அதுவும், நேற்றுக் காட்டியதையும் இன்று காட்டுவதையும் நம்பி ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். இணையக் கடைகளில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் பல பெயர்களில் விற்கப்படும், கண்ணாடித் தளமும் ப்ளூடூத் இணைப்பும் கொண்ட எடைக் கருவிகளில் ஒன்றை எங்கள் வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, இந்த விலையில் கிடைக்கும் இவ்வகைக் கருவிகள் பலவற்றிலும் காணக்கூடியவை. கருவியை நான் பரிந்துரைக்கிறேன். அதனுடன் வரும் செயலியைப் பரிந்துரைக்கவில்லை.

எங்கள் வீட்டில் இதில் ஏறுபவர்கள் மூவர். ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். என் கணவருக்கு, இந்திய ஆண்களுக்கு வரம்பாகச் சொல்லப்படும் 90 சென்டிமீட்டரை இடுப்புச் சுற்றளவு தாண்டிவிட்டது (பெண்களுக்கு அந்த வரம்பு 80 சென்டிமீட்டர்). என் மாமியார் எடையைக் குறைப்பதற்காக அன்றி, இதயம் பலவீனமாக இருப்பதற்காகத் தினமும் எடை பார்க்க வேண்டியவர். அவரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

தினமும் எடை பார்க்காதே, மனம் உடைந்துபோவாய் என்று அக்கறையுள்ளவர்கள் பலரும் சொல்வார்கள். அந்த அறிவுரைக்கு அடிப்படை இருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியிருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஒருவர் தம் தேவையைவிட நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி குறைவாகச் சாப்பிட்டால், அன்றாடம் குறையும் கொழுப்பு 65 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக் கருவிகளோ 50 அல்லது 100 கிராம் படிகளில் காட்டுபவை. அதே நேரத்தில் உடலில் நீரின் அளவும் குடலில் இருக்கும் உணவின் அளவும் மாறுவதால் மட்டுமே எடை ஒரு நாளைக்குள் ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறி இறங்குகிறது. ஆகவே நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'கொழுப்பு கூடியதா, குறைந்ததா' என்று கேட்பவருக்குச் சரியான விடை கிடைக்கவே கிடைக்காது.

கல்யாணப் பந்தியில் அப்பளம், ஊறுகாய், வற்றல் குழம்பு, மோர் மிளகாய் என்று உப்பு அதிகமாகச் சேர்ந்தால், அந்த உப்புக்கு ஈடாக உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறும் இட்லியும் தரும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அது கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரையும் தன்னுடன் வைத்துக்கொள்கிறது. ஒரு பெரியவரின் உடலில் கிளைகோஜன் அரைக் கிலோ அளவுக்கு இருக்கக்கூடும் என்பதால், சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ வரை சட்டென்று இறங்குவதும், தீபாவளி முடிந்த மறுநாள் அதில் பெரும்பகுதி திரும்பி வருவதும் இயல்பே. ஏகாதசிக்கு முழு நாள் பட்டினி இருந்தவர் மறுநாள் காலையில் ஒரு கிலோ குறைந்திருப்பதைக் கண்டு மகிழ்வதும், துவாதசி விருந்துக்குப் பின் அது மீண்டதைக் கண்டு வருந்துவதும் நீரைப் பார்த்து அடையும் உணர்ச்சிகள். புதிதாக உடற்பயிற்சி தொடங்கி, தொடையும் தோளும் வலிக்கும் நாட்களிலும் தசைகளில் நீர் சேர்ந்து எடை சற்றுக் கூடும்; 'பயிற்சி செய்தேன், எடை ஏறிவிட்டது' என்று பலர் அதை நிறுத்திவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இரவில் படுக்கும்போது பார்த்ததைவிடக் காலையில் எடை குறைந்திருப்பதற்கும் இத்தகைய காரணமே. இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ, பெரிய தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் பல ஆண்டுகள் எடை போட்டுப் பார்த்தார். உள்ளே சென்றதில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே உடலை விட்டு வெளியேறுகிறது என்பதை 1614இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நாம் ஓயாமல் நீரை இழந்துகொண்டிருக்கிறோம். எனவே எடை பார்க்கும் நேரம் நாளுக்கு நாள் மாறக் கூடாது. காலையில் எழுந்து, கழிவறைக்குச் சென்று வந்த பிறகு, காபியோ தண்ணீரோ குடிப்பதற்கு முன்பு, ஒரே மாதிரியான மெல்லிய உடையில் ஏறுவதே சிறந்தது. கால் லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் கருவி கால் கிலோவைக் கூட்டித்தான் காட்டும்.

எடை இவ்வளவு ஆடும் என்றால் வாரம் ஒரு முறை பார்த்தால் போதாதா என்ற கேள்வி எழும். நான் தினமும் பார்ப்பதை ஆதரிப்பதற்குக் காரணமே அந்த ஆட்டம்தான். எடுத்துக்காட்டாக, ஒருவருடைய காலை எடை திங்கள் முதல் ஞாயிறு வரை 78.2, 77.9, 78.6, 78.1, 77.7, 78.0, 78.4 என்றும், அடுத்த வாரம் 78.5, 77.8, 77.5, 77.6, 77.3, 77.2, 77.9 என்றும் இருப்பதாகக் கொள்வோம். திங்கட்கிழமை மட்டும் எடை பார்ப்பவருக்கு 78.2 போய் 78.5 வந்திருக்கிறது, ஒரு வாரம் வாயைக் கட்டியும் 300 கிராம் கூடிவிட்டது என்று அவர் கைவிட்டுவிடக்கூடும். ஏழு நாளும் பார்த்தவர் சராசரி எடுத்தால், முதல் வாரம் 78.13, இரண்டாம் வாரம் 77.69, ஏறத்தாழ 440 கிராம் குறைந்திருக்கிறது, அதாவது அவருடைய முயற்சி கணக்குப்படியே நடந்துகொண்டிருக்கிறது. உடலும் உணவும் இருவருக்கும் ஒன்றே. ஒருவர் ஒரே ஒரு எண்ணை நம்பினார், மற்றவர் ஏழு எண்களை நம்பினார். வார இறுதியில் எடை ஏறுவதும் வெள்ளிக்கிழமையை நோக்கி இறங்குவதும் பொதுவான போக்கு என்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வாரம் ஒரு நாள்தான் முடியும் என்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்து, வியாழன் அல்லது வெள்ளியை நிலையாக வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகியோர் 1994இல் ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ எடையைக் குறைத்து, ஓராண்டாவது அதைத் தக்கவைத்துக்கொண்டவர்களே அதில் சேரலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். ரீனா விங்கின் குழு 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எடை குறைத்திருந்த 314 பேர் 18 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72.4 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறிவிட்டது. நேரில் கூடிப் பயிற்சி பெற்றவர்களில் அது 45.7 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிலும் தினமும் எடை பார்த்தவர்களுக்குத் திரும்ப ஏறும் வாய்ப்பு குறைவாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு, கருவியில் ஏறி இறங்குவதே எடையைக் குறைத்துவிடும் என்று சொல்ல முடியாது; எண் ஏறினால் உணவிலும் நடையிலும் எதை மாற்றுவது என்பதையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பார்த்த எண்ணுக்கு ஏற்றபடி எதையாவது செய்பவருக்கே தினமும் பார்ப்பது பயன் தரும்.

இனிக் கருவிக்கு வருகிறேன். இதன் நான்கு கால்களுக்குள்ளும் ஒவ்வொரு உலோகத் துண்டும், அதன் மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைக் கம்பியும் இருக்கின்றன. பாரம் ஏறும்போது உலோகம் மிக நுண்ணிய அளவில் வளைய, கம்பி நீண்டு அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. பெட்டியின் மேல் '50 கிராம் துல்லியம்' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் திரையில் எண் மாறும் படியின் அளவே. உண்மையான எடைக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பதற்கு அது உறுதிமொழி அன்று.

உண்மையான எடைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைப் புதிதாக வந்த, முத்திரை உடைக்காத சமையல் எரிவாயு சிலிண்டரைக் கொண்டு ஓரளவு சோதிக்கலாம். சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை எழுதப்பட்டிருக்கும்; அதனுடன் எரிவாயுவின் 14.2 கிலோவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க ஒரு சிறு பலகையை இட்டு, அதன் எடையைக் கழித்துப் பார்த்தபோது, எங்கள் கருவி சுமார் 200 கிராம் கூடுதலாகக் காட்டியது. இது எனக்குக் குறையாகவே படவில்லை. நாள்தோறும் அதே அளவு கூடுதலாகக் காட்டினால், எடை இறங்குகிறதா என்ற கேள்விக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஒரே எடையை ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணாகக் காட்டுகிறதா என்பதே தினமும் ஏறுபவருக்கு முக்கியம்.

அங்கேதான் இக்கருவிகளில் பலருக்கும் தெரியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. அடுத்தடுத்து ஏறும்போது புதிய எண் முந்தைய எண்ணுக்கு மிக அருகில் வந்தால், முந்தைய எண்ணையே திரும்பக் காட்டும்படி சில கருவிகளை அமைத்திருக்கிறார்கள். வாங்கியவர் மூன்று முறை ஏறிப் பார்த்து, மூன்று முறையும் ஒரே எண் வருவதைக் கண்டு, கருவி மிகத் துல்லியமானது என்று நம்பிவிடுவார். எங்கள் கருவியும் அப்படித்தான். வெறுங்கையுடன் ஏறிய பின், 200 மில்லி லிட்டர் தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் டம்ளரைக் கையில் பிடித்து ஏறினால், எண் மாறவே இல்லை. அரைக் கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டைப் பிடித்து ஏறியபோது எண் அரைக் கிலோ கூடியது. அதற்குப் பின் மீண்டும் டம்ளருடன் ஏறியபோது தண்ணீரின் எடையும் தெரிந்தது. அதாவது கருவியால் வேறுபாட்டை உணர முடிகிறது. உணர்ந்ததை மறைத்துக் காட்டும்படி அதை அமைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 65 கிராம் என்ற கணக்கில் இறங்குபவருக்கு இது பெரிய இடைஞ்சல். நாங்கள் மூவரும் மாறி மாறி ஏறுவதால் முந்தைய எண் ஒவ்வொரு முறையும் மாறிவிடுகிறது. தனியாகப் பயன்படுத்துபவர்கள் முதலில் ஏதேனும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கிவிட்டு, பிறகு வெறுங்கையுடன் ஏறினால் சரியான எண் கிடைக்கும்.

தரை இன்னொரு காரணி. மிதியடி மேலோ, பாய் மேலோ, கோரைத் தடுக்கு மேலோ வைத்தால் கருவியின் கால்கள் அமிழ்ந்து எண் தவறும். பழைய வீடுகளின் கடப்பைக் கல் தரையில் ஒரு கால் தூக்கி நின்றாலும் அப்படியே. கருவியைத் தினமும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைப்பவர்கள், ஒரு முறை காலால் தட்டி, பூஜ்யம் தோன்றி அணையும் வரை காத்திருந்து, பிறகு ஏற வேண்டும். எங்கள் வீட்டில் படுக்கையறையின் சமமான ஒரு மூலையில் அது நகராமல் கிடக்கிறது.

என் மாமியாருக்கு இதே கருவி வேறு வகையில் உதவுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எடை என்பது கொழுப்பைக் காட்டும் அளவு அன்று, உடலில் தேங்கும் நீரைக் காட்டும் அளவு. மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், காலில் வீக்கமோ மூச்சிரைப்போ தெரியும் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது அத்தகைய நோயாளிகளுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் அறிவுரை. அவருக்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தொல்லையாக இருக்கும் அதே நீரின் ஏற்ற இறக்கம் அவருக்கு எச்சரிக்கையாக அமைகிறது. எனவே அவருடைய எண்களுக்கு வாரச் சராசரி எடுக்கக் கூடாது. அன்றன்றைய எண்ணையே சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளில் குறித்து வைக்கிறோம். ஆனால் வயதானவர்கள் ஏறுவதற்கு இந்தக் கண்ணாடித் தளம் ஏற்றதாக இல்லை. ஈரக் காலில் வழுக்குகிறது. ஓரத்தில் கால் வைத்தால் சாய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் எண் குறைந்துவிடுகிறது. கண்புரை உள்ளவர் நிமிர்ந்து நின்றபடி திரையின் எண்ணைப் படிக்க முடியாது. இறங்கிய பின்னும் சில வினாடிகள் எண் அணையாமல் நிற்பதால், பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்ல முடிகிறது. இந்த ஒரு வசதியை வடிவமைத்தவருக்கு என் நன்றி. மாமியார் ஏறும்போது வீட்டில் ஒருவர் உடன் நிற்கிறோம்.

தசை, கொழுப்பு, எலும்பு, உடல் நீர், 'உடல் வயது' என்று பத்துப் பன்னிரண்டு எண்களைச் செயலி காட்டுகிறது. விலையில் கணிசமான பகுதி இவற்றுக்காகத்தான். ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு நாம் உணர முடியாத மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கருவி அளக்கிறது. நீர் மிகுந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு கடத்தாது என்பது இதன் அடிப்படை. மின்னோட்டம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே சென்று திரும்பிவிடுகிறது. நம்மவர்களுக்கு ஆபத்தான கொழுப்பு சேருமிடமோ வயிறு. அளந்த அந்த ஒரு தடை எண்ணுடன் வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் இட்டுத்தான் மற்ற எண்கள் எல்லாம் வருகின்றன. செயலியில் என் உயரத்தை ஐந்து சென்டிமீட்டர் கூட்டி எழுதிவிட்டு ஏறினால், என் உடல் அப்படியே இருக்க, கொழுப்பின் சதவீதம் மட்டும் இறங்கிவிடுகிறது. நீர் குறைந்த உடலில் கொழுப்பு கூடியதாகக் காட்டும் என்பதால், வெயில் காலத்தில் வியர்த்துக் களைத்தவர் அதை நம்பவே கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வகைக் கருவியில் ஏறக் கூடாது என்பதைக் குறிப்பேட்டின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது பெட்டியின் முகப்பில் இருந்திருக்க வேண்டும். வயிற்றுக் கொழுப்பைக் கவனிக்க, தையற்கடையில் கிடைக்கும் அளவு நாடாவைக் கொண்டு மாதம் ஒரு முறை இடுப்பை அளப்பது இவை அனைத்தையும்விட நம்பகமானது.

செயலியை நான் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம், அது எதைப் பெரிய எழுத்தில் காட்டுகிறது என்பதே. ஏறி இறங்கியவுடன், நேற்றைவிட 0.6 கிலோ கூடுதல் என்று சிவப்பு நிறத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. தினமும் எடை பார்ப்பதில் தள்ளிவிட வேண்டிய ஒரே தகவல் எதுவோ, அதையே முதன்மையாக நீட்டுகிறது. வாரச் சராசரி எங்கும் இல்லை. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டெண்ணை (பிஎம்ஐ) 25 வரை பச்சையாகக் காட்டுகிறது. இந்தியர்களுக்கு 23இலிருந்தே அதிக எடை, 25இலிருந்தே உடல் பருமன் என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்திருக்கும்போது, இந்தியாவில் விற்கும் கருவி அதைக் கணக்கில் கொள்ளாதது பொறுப்பற்ற செயல். கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்காமல் செயலி திறக்கவும் மறுக்கிறது. ஒருவருடைய எடை, வயது, உயரம் ஆகியவை அவருடைய உடல்நலத் தகவல்கள். அவற்றைக் கைபேசி எண்ணுடன் சேர்த்து எங்கோ இருக்கும் கணினியில் வைக்க வேண்டிய தேவை எடை பார்ப்பதற்கு இல்லை.

நல்லவேளையாக வேறு வழிகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு 'லிப்ரா', ஐபோனுக்கு 'ஹேப்பி ஸ்கேல்' ஆகிய செயலிகள் அன்றாட எண்களின் ஊடே ஒரு போக்குக் கோட்டை வரைந்து காட்டுகின்றன. 'ஓப்பன்ஸ்கேல்' என்ற திறந்த மூலச் செயலி பல நிறுவனங்களின் ப்ளூடூத் கருவிகளுடன் நேரடியாக இணைகிறது. கணக்கு எதுவும் கேட்காமல் எண்களைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்கிறது. போக்குக் கோட்டின் கணக்கு எளிது: நேற்றைய போக்கு எண்ணுக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நேற்றைய போக்கு எண்ணுடன் சேர்க்க வேண்டும். போக்கு 74.0 ஆக இருந்து, விருந்துக்கு மறுநாள் கருவி 74.8 காட்டினால், போக்கு 74.08 ஆகும், அவ்வளவுதான். ஆட்டோடெஸ்க் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர் 1990களின் தொடக்கத்தில் பரப்பிய இந்த முறையைத் தாளிலும் பேனாவிலும்கூடச் செய்யலாம். கருவியின் எண் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் நாட்கள் மேலே இருக்கும் நாட்களைவிட அதிகமாக இருந்தால், எடை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பெண்களுக்கு இதுவும் போதாது. இதைப் பற்றி எந்த மதிப்புரையிலும் நான் விரிவாகப் படித்ததில்லை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அது தொடங்கும் நாட்களிலும் பலருக்கு உடலில் நீர் தேங்கி, எடை ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடுகிறது. அந்த வாரத்தின் சராசரியை முந்தைய வாரத்தின் சராசரியுடன் ஒப்பிட்டால், சரியாக உண்டு, சரியாக நடந்தும் எடை கூடியதாகவே தெரியும். அடுத்த வாரம் காரணமின்றி வேகமாகக் குறைந்ததாகத் தெரியும். இரண்டும் உண்மையல்ல. சென்ற சுழற்சியின் இதே வாரத்துச் சராசரியுடன் இந்த வாரத்துச் சராசரியை ஒப்பிடுவதே சரி. அதாவது ஒரு பெண் தம் முயற்சி பலிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல, ஆணைப் போல இரண்டு வாரம் அன்றி, குறைந்தது ஒரு முழுச் சுழற்சி காத்திருக்க வேண்டும். கணவரும் மனைவியும் ஒரே நாளில் ஒரே உணவு முறையைத் தொடங்கும் வீடுகளில், அவருக்கு மட்டும் சீராக இறங்குகிறதே என்று மனைவி மனம் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். போக்குக் கோட்டைக் காட்டும் செயலியில் அந்த நாட்களைக் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று சுழற்சிகளில் தம் உடலின் ஒழுங்கு தெரிந்துவிடும்; அதன் பிறகு அந்த ஒரு கிலோ யாரையும் கலங்கச் செய்யாது.

இவ்வளவு சொன்னாலும், தினமும் எடை பார்ப்பது எல்லோருக்கும் உரியது என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் படிக்கும் எங்கள் மகள் இதில் ஏறுவதில்லை. அடிக்கடி எடை பார்க்கும் வளரிளம் பெண்களிடம் மனச்சோர்வும், உணவைத் தவிர்ப்பது போன்ற தவறான பழக்கங்களும் கூடுதலாகக் காணப்படுவதாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. வளரும் வயதில் எடை கூடுவதுதானே முறை. பட்டினி கிடப்பது, அளவு மீறி உண்டபின் வாந்தி எடுப்பது போன்ற துன்பங்களிலிருந்து மீண்டவர்களும், காலையில் பார்த்த எண் அன்றைய நாள் முழுவதையும் கெடுத்துவிடுகிறது என்று உணர்பவர்களும், மருத்துவர் சொல்லாமல் தினமும் எடை பார்க்க வேண்டாம். அவர்களுக்கு வாரம் ஒரு நாளோ, அளவு நாடாவோ, உடை தளர்வதோ போதுமான அடையாளம்.

வெளியில் எடை பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல, நாணயம் போட்டால் எடையுடன் ஒரு வரிப் பலனும் அச்சிட்ட அட்டையைத் தரும் கருவிகள் எனக்கு இன்றும் பிடித்தமானவை. மருந்துக் கடையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருப்பவை வீட்டுக் கருவியைவிட உறுதியானவையாகக்கூட இருக்கலாம். ஆனால் அங்கே நாம் செருப்பைக் கழற்றினாலும் உடையும் கைபேசியும் சாவிக்கொத்தும் உடன் இருக்கும்; போகும் நேரமும் சாப்பிட்ட அளவும் ஒவ்வொரு முறையும் வேறு. எடை குறைப்பவருக்கு அந்த எண்கள் உதவாது.

எண்ணிய எடையை அடைந்தவர்கள், இனி ஏன் பார்க்க வேண்டும் என்று கருவியைப் பரண்மேல் போட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முன்னர்ச் சொன்ன 2006ஆம் ஆண்டு ஆய்வில், அடைந்த எடையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குள் ஏறினால் பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், 2.3 கிலோவை எட்டினால் சிவப்பு என்று வகுத்துக் கொடுத்திருந்தார்கள். மஞ்சளிலேயே உணவைத் திருத்திக்கொள்ள வேண்டும், சிவப்பு என்றால் எடை குறைத்த காலத்து ஒழுங்குக்கே திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ப்ளூடூத்தும் வேண்டாம், செயலியும் வேண்டாம். கருவியும் ஒரு பென்சிலும் போதும். உண்மையில், செயலியில் எண்கள் தாமாகப் பதிவாக வேண்டும் என்ற விருப்பம் இல்லாதவர்கள், இதே அளவு திறனுள்ள சாதாரண டிஜிட்டல் கருவியைப் பாதி விலைக்கே வாங்கலாம். அதனால் அவர்கள் எதையும் இழப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வாங்குபவர்கள் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிவதற்கு முன்பே டம்ளர், பருப்புப் பாக்கெட், சிலிண்டர் சோதனைகளைச் செய்து பார்த்துவிட வேண்டும். தளத்தின் நடுவில் நிற்பதும் சற்றுத் தள்ளி நிற்பதும் 200 கிராமுக்கு மேல் வேறுபாட்டைத் தந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். பொத்தான் பேட்டரியில் இயங்குவதைவிட, டிவி ரிமோட்டுக்குப் போடும் சிறிய பேட்டரியில் இயங்குவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஊரின் எந்தப் பெட்டிக் கடையிலும் அது கிடைக்கும், பேட்டரி தீர்ந்ததால் ஒரு வாரத்து எண்கள் விடுபட்டுப் போகாது.